மலைநாட்டு நாயும் மன்னர் திருவாய்ச்சொல்லும்

நலம் பெருகுக, நீர் வற்றாதிருக்க.

ஏர்க்கொடி உயர்த்தியவரும், ஏழு ஏரிகளுக்கு உரியவரும், பசித்து வந்தவரை வாயிலில் காக்க வைக்காத குலத்தில் பிறந்தவருமாகிய மருதவேலி நாட்டு மன்னர் நன்னிலத்தரையர் திருமுன்பிருந்து, மேகம் இறங்கி இளைப்பாறும் கோட்டைகளுக்கும் அருவிகள் அனைத்துக்கும் காவலராகிய முகிற்கோட்டு நாட்டு வேந்தர் நெடுவரைக்கோமான் திருமுன்புக்கு, ஓலைநாயகம் நம்பி ஆலன் பணிந்து எழுதும் ஓலை. தங்கள் நாட்டுக் குழந்தைகள் குளிரறியாது உறங்குக. தங்கள் மலைத்தேன் குறையாதிருக்க. இங்கு மன்னர் நலம், குடிகள் நலம், தாங்கள் அனுப்பிய நாயும் நலம்.

தைத்திங்களில் எங்கள் கொலுமண்டபத்துக்கு எழுந்தருளிய தங்கள் தூதர் கண்டு சொன்னதைக் கேட்டு, தாங்கள் விடுத்த வினா வந்து சேர்ந்தது. பதினோராண்டுப் போர் முடிந்த நாளில் அமைதிக்கு அடையாளமாகத் தாங்கள் அளித்த நாய், ஓராண்டு நிறைந்த அந்நாளில் எங்கள் மன்னர் திருவாய் மலர்ந்த வேளையில் எழுந்து வெளியே நடந்தது ஏன், அது அவர் சொல்லை மறுத்ததாகக் கொள்ளலாமா என்று கேட்டிருந்தீர்கள். விடை வரும்வரை எங்களுக்கு நீர் வரும் மேலை மதகு திறவாது என்றும் எழுதியிருந்தீர்கள். நாய் எழுந்து போனது உண்மை. அதுபற்றி எங்கள் நாடு பெருமை கொண்டிருக்கிறது என்பதும் உண்மை. அப்பெருமையின் காரணத்தை ஒளிவின்றி எழுதுமாறும், அவரவர் பேசியதை அவரவர் வாய்மொழியாகவே பொறிக்குமாறும் மன்னர் ஆணையிட்டார். ஓலைக்குரிய நடை அங்கங்கே பிறழ்ந்திருந்தால் பொறுத்தருள்க.

முதலில் எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் நாட்டில் 'ஆகட்டும்' என்ற சொல் மன்னருக்கு மட்டுமே உரியது. ஒரு மனுவைக் கேட்டு அவர் அதைச் சொல்லிவிட்டால் நிலம் கைமாறும், சிறைக்கதவு திறக்கும். ஏழு தலைமுறையாக வேறு எவரும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. குடிகள் 'சரி' என்பர், 'அப்படியே' என்பர், தலையை ஆட்டுவர். அச்சொல்லைக் குறிப்பிட நேர்ந்தால் 'திருவாய்ச்சொல்' என்று சுற்றி வளைத்துச் சொல்வார்கள்.

தங்கள் நாய் வந்தது சென்ற ஆண்டு தைக் கடைசியில். ஐந்து வயது நிரம்பியது, சாம்பல் நிறம், இடக்காதில் ஒரு பிளவு. சிங்காதனத்தின் இடப்பக்கம் அதற்குக் கம்பளம் விரிக்கப்பட்டது. முதல் நாளே மன்னர் ஓர் உழவனுக்குக் கிணறு வெட்ட இசைவளித்தார். நாய் எழுந்தது, தூணை மோந்தது, காலைத் தூக்கியது. அவையோர் கூரையைப் பார்த்தார்கள். அடுத்த மனுவுக்கும் இசைவு; அடுத்த தூண் நனைந்தது. காலையில் தோட்டத்தில் இரண்டு நாழிகை சுற்றினாலும் ஒரு சொட்டு விடாத நாய், மண்டபத்துக்குள் வந்ததும் கொஞ்சம் கொஞ்சமாகத் தரையெங்கும் பங்கிட்டது.

அத்தரையைத் துடைத்தவள் கணவதி. தரை மெழுகுவோர்க்குத் தலைவி, நாற்பதைக் கடந்தவள், பேச்சு குறைவு, கவனிப்பு அதிகம். அவள் கணவன் சேந்தன் பதினோராண்டு எல்லைக் காவலில் வில்லோடு கிடந்து, உடன்படிக்கைக்குப் பின்னரே வீடு திரும்பியவன். வந்ததும் கொல்லையில் கத்தரிக்காய் போட்டான். ஒரு மனிதன் தன் கையால் நட்டதைத் தானே பறிக்குமளவுக்கு ஒரே வீட்டில் தங்கியிருப்பது எவ்வளவு பெரிய பாக்கியம் என்பதை, அந்தப் பாத்தியைப் பார்க்கும்போதெல்லாம் கணவதி எண்ணிக்கொள்வாள். நாயைத் திருப்பி அனுப்பினால் உடன்படிக்கையும் திரும்பியதாகக் கொள்ளப்படும் என்பது தாங்கள் வகுத்த விதி. ஆகவே நனைந்த தரையைத் துடைக்கும்போது அவள் நெஞ்சில் முரசு ஒன்று அடித்துக்கொண்டே இருந்தது. அது முழங்கினால் முதலில் புறப்பட வேண்டியவன் சேந்தன்.

அரண்மனை மருத்துவர் நீர்க்கோளாறு என்று கணித்து நெருஞ்சிமுள் கஷாயம் கொடுத்தார். நெருஞ்சில் நீரைப் பெருக்கும் என்பதை அவர் மறந்ததால் அன்று கணவதிக்கு இரண்டு குடம் தண்ணீர் போதவில்லை. படைத்தலைவர் ஏனாதி கொற்றங்குமரன் வேறு மருந்து கொண்டு வந்தார். நாயின் மூக்கை ஈரத்தில் அழுத்தித் தடியால் இரண்டு அடி. அன்றிலிருந்து அது தூணுக்கு முன்னால் செய்வதை விட்டு, தூணுக்குப் பின்னால் ஒளிந்து செய்தது. அச்சம் அதற்கு இடத்தைத்தான் மாற்றிக் கொடுத்தது. கணவதி துணியோடு குனியும்போது ஏனாதியார் உரக்கச் சொன்னார்:

"ஏ கணவதி, உன் துடைப்பத்துக்கு ஒரு ஏனாதிப் பட்டம் கட்டிறலாமா? எங்க படையைவிட அதுக்குத்தான் இப்ப வேலை ஜாஸ்தி!"

அவை சிரித்தது. கணவதியும் சிரித்தாள். ஆனால் தூணுக்குப் பின்னால் ஒடுங்கி நின்ற நாயின் கண்களைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. தவறு செய்த பிராணியின் கண்கள் அல்ல அவை. சொன்னதைச் செய்துவிட்டு, எதற்கு அடி விழுந்தது என்று தெரியாமல் நிற்கும் ஒரு வேலைக்காரனின் கண்கள்.

மூன்றாம் திங்களில் ஆலோசனை கூடியது. இது நாயல்ல, நம்மை இழிவுபடுத்த வந்த சூழ்ச்சி, திருப்பி அனுப்புவதே மானம் என்று ஏனாதியார் வாதிட்டார். பெரும்பாலோர் இசைந்தனர். அப்போது வாசற்படியருகே குடத்தோடு நின்ற கணவதி, யாரும் கேளாமலேயே பேசிவிட்டாள்.

"சாமி, ஒரு நாப்பது நாள் குடுங்க. அது கெட்ட நாயில்ல. தினம் தொடைக்கிறவ சொல்றேன்."

"நாப்பது நாள்ல முடியலேன்னா?" என்று மன்னர் கேட்டார்.

"முடியலேன்னா நானே அதைக் கூட்டிக்கிட்டு மலைக்குப் போயி, தப்பு எங்க பேர்லதான்னு சொல்லிட்டு வரேன் சாமி. சண்டை வேண்டாம்."

மன்னர் அவளையும் அவள் குடத்தையும் பார்த்தார். பிறகு, "ஆகட்டும்" என்றார்.

நாய் எழுந்து, அவள் குடத்தின் மேலேயே காலைத் தூக்கியது.

அவையில் எழுந்த சிரிப்பைக் கணவதி கேட்கவில்லை. குடத்தைக் கழுவும்போது அவளுக்குள் ஏதோ ஒன்று அசைந்தது. அடுத்த ஏழு நாளும் துணியைப் பிழிந்தபடியே கவனித்தாள். மன்னர் ஐந்து மனுக்களை ஏற்ற நாளில் ஐந்து ஈரம். ஒன்றை ஏற்ற நாளில் ஒன்று. வந்த மூன்றையும் அவர் மறுத்த நாளில் தரை காய்ந்து கிடந்தது. அன்று மாலை கத்தரிச்செடிக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்த கணவனிடம் போய் நின்றாள்.

"ஏங்க, ராசா இல்லைன்னு சொன்னா நாய் சும்மா கெடக்குது. திருவாய்ச்சொல்லைச் சொன்னாத்தான் எந்திரிக்குது. பைத்தியக்காரத்தனமா இருக்கா?"

சேந்தனின் கையிலிருந்த குச்சி கீழே விழுந்தது. அதை எடுக்காமலேயே பேசினான்.

"ஏ புள்ள, எல்லைல பள்ளத்துக்கு அந்தப் பக்கம் தினம் விடியும்போது ஒருத்தன் அந்தச் சொல்லைக் கத்துவான். நல்லா நீட்டி, ராகம் போட்டு. நம்ம ராசாவ நையாண்டி பண்றான்னு நெனச்சோம். எங்களுக்கு ரத்தம் கொதிக்கும். பனியில ஆள் தெரியாது; குரலைப் பாத்து ரெண்டு தடவ அம்பு விட்டிருக்கேன்." அவன் மண்ணைப் பார்த்தபடியே முடித்தான். "அவன் நாயை வெளிய விட்டிருக்கான், கணவதி. அவ்வளவுதான்."

வேந்தே, எங்கள் நாட்டில் மன்னரன்றி எவரும் சொல்லாத சொல், தங்கள் மலையில் நாய்களை ஒதுங்கச் சொல்லும் எளிய சொல் என்பதைப் பதினோராண்டு நாங்கள் அறியாதிருந்தோம். சொன்னது கேட்டு நடக்கும்படி ஒருவர் அந்நாயைப் பொறுமையாகப் பழக்கியிருக்கிறார். எங்கள் மண்டபத்தில் அது செய்ததெல்லாம் கீழ்ப்படிதலே.

மறுநாள் விடிந்ததும் கணவதி நாயைத் தோட்டத்துப் புன்னை மரத்தடிக்கு அழைத்துப் போனாள். சுற்றிலும் பார்த்துவிட்டு, தெய்வத்தை வேண்டிக்கொண்டு, மெல்ல "ஆகட்டும்" என்றாள். நாய் தலையைச் சாய்த்து அவளைப் பார்த்தது. குரல் போதவில்லை போலும் என்று எண்ணி, தொண்டையைச் செருமி, மன்னர் சொல்வதுபோலவே அடிவயிற்றிலிருந்து நீட்டி, "ஆஆகட்டும்!" என்றாள். நாய் மரத்தை நோக்கி ஓடிக் காலைத் தூக்கியது. அது விட்டது போதாதென்று இன்னும் விட்டது. கணவதி அழுதுகொண்டே அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நிமிர்ந்தால், எதிரே வாயிற்காவலன் பிடாரன்.

"அடியே! என்ன சொன்ன? யாரு குரல்ல சொன்ன? உன் நாக்கை அறுக்கச் சொன்னா அறுக்கப்போறவன் நான்தானே! எனக்கு ஏன்டி இந்த வேலை வைக்கிற?" என்று அவன்தான் அவளைவிட நடுங்கினான்.

அன்றே அவைமுன் நிறுத்தப்பட்டாள். குற்றம் உரைக்கப்பட்டது, அவள் மறுக்கவில்லை. நடந்ததை, கணவன் சொன்னது உட்பட, ஒன்றுவிடாமல் சொன்னாள். நாயைப் பழக்க அச்சொல்லைத் தான் சொல்ல அனுமதி வேண்டும் என்று கைகூப்பினாள். மன்னர் முகம் மாறியது. இரங்கினார் என்பது எல்லோர்க்கும் தெரிந்தது. அவர் வாய் திறந்தார்.

"சொல்லாதீங்க சாமி!" என்று கணவதி கத்திவிட்டாள்.

மன்னரைச் சொல்ல விடாமல் தடுத்தவர் எங்கள் வரலாற்றில் எவருமில்லை. ஏனாதியார் வாள்பிடியைத் தொட்டார். அவளோ நாயைச் சுட்டிக்காட்டினாள். அது ஏற்கெனவே எழுந்து நின்று, மன்னர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

"இங்க வேண்டாம் சாமி. வெளிய வந்து சொல்லுங்க. இப்பத்தான் மெழுகினேன்."

மன்னர் சிங்காதனத்தை விட்டு இறங்கினார். அவை முழுதும் பின்தொடர்ந்தது. புன்னை மரத்தடி ஈரப்புல்லில் நின்று, முடியும் மாலையுமாக, "ஆகட்டும்" என்றார். நாய் செய்தது. மன்னர் சிரித்த சிரிப்பில் மரத்துக் காகங்கள் பறந்தன.

"என் சொல்லைக் கேட்ட மாத்திரத்துல செஞ்சு முடிச்சது இந்த அரண்மனையில இது ஒண்ணுதான்! ஒரு வாய்க்கால் தூர்வாரச் சொன்னா ஆறு மாசம் ஆக்குறீங்களே, இதைப் பாத்துக் கத்துக்குங்கய்யா!"

அதன் பிறகுதான் உண்மையான வேலை தொடங்கியது. சொல்லை மாற்றிவிடலாம் என்று சிலர் கூறினர். குடிகள் நம்பியிருக்கும் சொல்லை மாற்ற மன்னர் உடன்படவில்லை. ஐந்து வயதில் ஊர் மாறி, மொழி மாறி வந்த உயிருக்கு மறுபடி கற்கும் உரிமை உண்டு, அதற்கு வேண்டிய நேரத்தைக் கொடுப்பதே நமக்கு அழகு என்றார். கணவதி அச்சொல்லைச் சொல்லலாம் என்ற இசைவை வாயால் சொல்லாமல் ஓலையில் எழுதித் தந்தார்.

அவள் செய்தது எளியது. விடிந்ததும், உணவுக்குப் பின்னும், அவை கூடுமுன்னும் அதே வழியாக, அதே மரத்தடிக்கு அழைத்துச் செல்வாள். முதலில் "கெளம்புடா தங்கம்" என்பாள். சற்று நின்று, பழைய சொல்லைச் சொல்வாள். முடித்த கணமே, திரும்பி நடக்கும் முன்பே, மடியிலிருந்து ஒரு துண்டு கருவாடு. பன்னிரண்டாம் நாள் பழைய சொல் தேவைப்படவில்லை. தங்கம் என்றதுமே வேலை முடிந்தது. பிறகு, அப்படி ஒதுங்கிவிட்டு வந்த நாயை மண்டபத்தில் படுக்க வைத்து, முதுகில் கைவைத்து அமர்ந்துகொள்வாள். மன்னர் முதலில் முணுமுணுப்பாகவும், நாளடைவில் உரக்கவும் அச்சொல்லைச் சொல்வார். நாய் அசையாதிருந்தால் கருவாடு. கொலுமண்டபத்தில் கருவாட்டு வாடை வீசுகிறது என்று முறையிட்டவர்களிடம், முன்பு வீசியதைவிட இது தேவலை என்று மன்னர் பதிலுரைத்தார். பழைய ஈரம்பட்ட தூண்களைப் புளித்த காடி ஊற்றிக் கணவதி கழுவினாள். பழைய வாடை இருக்கும்வரை அந்த இடம் நாயைக் கூப்பிட்டுக்கொண்டேயிருக்கும் என்பது அவள் கண்டது.

இருபத்தொன்பதாம் நாள் ஒரு சறுக்கல். ஏனாதியார் தடியோடு உள்ளே நுழைய, நாய் தூணுக்குப் பின்னால் ஓடி நனைத்துவிட்டது. கணவதி அதட்டவில்லை, துடைத்தாள், காடி ஊற்றினாள், நாயின் காதைத் தடவினாள். பிறகு ஏனாதியாரிடம் தாழ்ந்த குரலில், "அய்யா, அது உங்களைக் கண்டு பயப்படுது. எதிரி பயந்தா உங்களுக்குப் பெருமை. இது நம்ம வீட்டு உயிராச்சே," என்றாள். மறுநாள் அவர் தடியை வாயிலுக்கு வெளியே சாத்திவிட்டு வந்தார். அதற்கடுத்த வாரம் அவர் இடுப்புக் கச்சையிலிருந்தும் கருவாட்டு வாடை வந்ததை அவை முழுதும் மோந்தது, எவரும் காட்டிக்கொள்ளவில்லை. நாற்பதாம் நாள் மன்னர் பதினேழு முறை அச்சொல்லைச் சொன்னார். நாய் பதினேழு முறையும் வாலை மட்டும் அசைத்தது. கணவதி வீட்டுக்கு ஓடிப்போய், பாத்தியில் நின்ற கணவனின் கையில் முதல் கத்தரிக்காயைப் பறித்து வைத்தாள்.

இனித் தங்கள் வினாவுக்கு வருகிறேன். தைத்திங்களில் தங்கள் தூதர் முன்னிலையில் மன்னர் பதினொரு மனுக்களுக்கு இசைவளித்தபோதும் நாய் அசையாது கிடந்ததை அவரே கண்டிருப்பார். பன்னிரண்டாவது, மேலைக் கால்வாயின் முதல் நீரைக் கடைமடை ஊர்களுக்கு அளிக்கும் ஆணை. அவை நீண்டுவிட்டது, வெயில் ஏறிவிட்டது, விருந்து என்று அன்று நாய்க்கும் மோர் ஊற்றியிருந்தார்கள். மன்னர் அச்சொல்லைச் சொன்னதும் அது எழுந்தது. நாய் தூண்களைக் கடந்தது, ஒன்றையும் மோக்கவில்லை. மேற்கு வாயிலில் போய் அமர்ந்து, திரும்பிக் கணவதியைப் பார்த்தது. கதவைத் திற என்று கேட்டது, வேந்தே. எவரும் சொல்லாமல், தன் தேவையைத் தானே அறிந்து, வந்த வீட்டின் ஒழுங்கை மதித்து, அனுமதி கேட்டது.

கணவதி கதவைத் திறந்தாள். மன்னர் கையை உயர்த்தினார். ஓதுவார் நிறுத்தினர், முரசு நின்றது. பேரவை ஒன்று ஒரு நாய்க்காகக் காத்து நின்றது. தங்கள் தூதருக்கு அது அவமதிப்பாகத் தோன்றியதில் வியப்பில்லை. அவ்வளவு காலமும் எங்கள் வீட்டுக்குள்ளேயே வைத்திருந்த செய்தியை அவருக்கு விளக்க எங்களுக்கு நாணமாயிருந்தது. அது எங்கள் பிழை. நாய் திரும்பி வந்து, தானாகவே தன் கம்பளத்தில் படுத்ததையும் அவர் கண்டார். அது எங்கள் சொல்லை மறுக்கவில்லை. எங்கள் தரையைக் காத்தது. போரில் நாங்கள் வென்ற கொடிகள் அதே மண்டபத்தில் தொங்குகின்றன. அந்நாளில் அண்ணாந்து அவற்றைப் பார்த்தவர் எவருமில்லை. காய்ந்த தரையைத்தான் பார்த்தோம்.

இதன் மேல் மன்னர் ஆணைகளாவன: எல்லைக் காவலர் எவரும் விடியற்காலையில் எதிர்க்கரையிலிருந்து அச்சொல்லைக் கேட்டால் வில்லைத் தொடலாகாது, மறுமொழியாக வணக்கம் சொல்லலாம். கணவதி, நாயின் பொருட்டு அச்சொல்லைத் தன் வாழ்நாள் முழுதும் சொல்லலாம். மேலை மதகைத் திறப்பதோ மூடுவதோ தங்கள் திருவுள்ளம்.

தங்களிடம் வேண்டுவன இரண்டு. நாயை அனுப்பியபோது அதன் பட்டங்கள் அனைத்தையும் எழுதியிருந்தீர்கள். அதைக் கூப்பிடும் பெயரை எழுதவில்லை. அப்பெயரைக் கணவதி கேட்கிறாள். மற்றொன்று, எல்லையில் விடியல்தோறும் பனியில் நின்று அச்சொல்லைக் கூவியவர்தாம் இந்நாயைப் பழக்கியவரா, அவர் உயிரோடு உள்ளாரா என்பதும், அதன் இடக்காதில் பிளவு எதனால் நேர்ந்தது என்பதும். இதைச் சேந்தன் கேட்கிறான். இப்போதெல்லாம் நாய்க்குச் சோறு வைப்பவன் அவனே. அம்பாக இருந்தால், எய்தவன் என்று தன் பெயரை மறைக்காமல் எழுதும்படி அவன் சொன்னான், எழுதிவிட்டேன். அந்த நல்லவர் நடக்க முடிந்தவராயின், எங்கள் நாட்டுக்கு விருந்தாக வருக. நடக்க முடியாதவராயின், சேந்தன் மலையேறி வருவான், வில்லின்றி.

தங்கள் நீரும் எங்கள் நெல்லும் ஒன்றையொன்று மறவாதிருக்க. ஏர் முத்திரை இட்டது.

பிற்குறிப்பு. இவ்வோலையை முழுதும் படிக்கக் கேட்ட மன்னர், வழக்கம்போல் உரத்த குரலில் "ஆகட்டும்" என்றார். அவர் காலடியில் கிடந்த நாய் ஒரு கண்ணைத் திறந்து பார்த்து, மறுபடி மூடிக்கொண்டது. தரை காய்ந்திருக்கிறது.